எச்.பி.விக்கு ஏன் இன்னும் ஒரு மாத்திரை இல்லை?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 36. பரிசோதனையில் எச்.பி.வி (மனித பப்பிலோமா வைரஸ், அதன் சில வகைகள் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கலாம்) 16ஆம் வகை இருப்பதாக முடிவு வந்திருக்கிறது. "இந்த வைரஸுக்கு மருந்து கிடையாது, கொல்போஸ்கோப்பிக்கு வாருங்கள்" என்று, கருப்பைக் கழுத்தை உருப்பெருக்கியால் பார்க்கும் அந்தப் பரிசோதனைக்கு வைத்தியர் திகதி கொடுத்திருக்கிறார். அதே கிழமை, ஏதோ ஒரு மூலிகைச் சாறு ஆய்வுகூடத்தில் எச்.பி.வியை 99 சதவீதம் அழித்துவிட்டதாக ஒரு செய்தியை அவருடைய அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். "எச்.ஐ.விக்கு மாத்திரை இருக்கிறது, ஹெர்பிஸுக்கு இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் இல்லை? ஆய்வுகூடத்தில் அழிந்தது என்றால் எனக்குள்ளும் அழியாதா? அந்தச் சாற்றைக் குடித்துப் பார்த்துவிட்டு கொல்போஸ்கோப்பியைப் பிறகு செய்யலாமா? பத்து வயது மகளை நினைத்தாலும் பயமாக இருக்கிறது." இதுதான் அவர் எழுதியது. எனக்கு விளங்கியபடி, இத்தனை கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்: ஆய்வுகூடத்தில் வைரஸ் 'அழிந்தது' என்று சொல்கிறார்களே, அங்கே உண்மையில் என்ன நடந்தது? அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். தள்ளிப்போடலாமா என்ற கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடாதீர்கள்.

நான் வைத்தியர் இல்லை. கொழும்பில் படித்து, பிறகு வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைத் தேடும் வேலையில் ஏழு வருடம் இருந்தேன். அதில் நாலு வருடம் எச்.பி.வியோடு போனது. இப்போது இங்கே மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். ஆகவே உங்கள் அறிக்கையை வைத்து உங்களுக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லக் கூடாது, அது உங்களைப் பரிசோதிப்பவர் சொல்ல வேண்டியது. மருந்துத் தேடல் எப்படி நடக்கிறது, அதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை மட்டும் துணிந்து சொல்வேன்.

முதலில், மற்ற வைரஸ்களுக்கு மாத்திரை எப்படி வந்தது என்று பாருங்கள். மருந்து என்பது வைரஸிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஏதோ ஒன்றைத் தாக்க வேண்டும். இல்லாவிட்டால் வைரஸோடு நம் கலமும் சாகும். ஹெர்பிஸ் வைரஸ் தனக்கென்று நொதியங்களை, அதாவது கலத்தின் வேதி வேலைகளை நடத்தும் புரதங்களை, கொண்டுவருகிறது. அசைக்ளோவிர் மாத்திரை அந்த வைரஸின் நொதியம் ஒன்று தொட்ட பிறகுதான் விழித்துக்கொள்ளும், தொற்று இல்லாத கலத்தில் பெரும்பாலும் சும்மா கிடக்கும். எச்.ஐ.வியிடம் தன் மரபுப்பொருளைப் படியெடுக்கவும், நம் டீ.என்.ஏக்குள் செருகவும், புரதங்களை வெட்டவும் மூன்று சொந்த நொதியங்கள் உண்டு. மூன்றுக்கும் மருந்து கண்டுபிடித்தார்கள். எச்.பி.வியிடம் என்ன இருக்கிறது? ஏறத்தாழ 8,000 எழுத்துகள் கொண்ட ஒரு சின்ன வட்ட டீ.என்.ஏ. அதில் எட்டு ஒன்பது மரபணுக்கள். ஹெர்பிஸ் வைரஸின் மரபுப்பொருள் இதைப்போல ஏறக்குறைய இருபது மடங்கு நீளம். எச்.பி.வி தன்னைப் படியெடுக்க நம் கலத்தின் பொறிகளையே கடன் வாங்குகிறது. அதனிடம் இருக்கும் ஒரே உண்மையான நொதியம் ஈ1 என்ற புரதம். இரட்டை இழை டீ.என்.ஏயைப் பிரித்துத் திறப்பது அதன் வேலை. மற்றவை எல்லாம் நம் புரதங்களைப் பிடித்து இழுத்துத் தன் வேலைக்கு வளைக்கும் கைகள். ஈ6 புரதம், நம் கலத்தின் காவல்காரனான பி53ஐ அழிக்க வைக்கிறது. ஈ7 புரதம், கலம் பெருகுவதற்குப் போட்டிருக்கும் பூட்டு ஒன்றைக் கழற்றுகிறது. ஒரு நொதியத்தில் மருந்து போய் உட்கார நல்ல ஆழமான குழி இருக்கும். இரண்டு புரதங்கள் ஒட்டிக்கொள்ளும் இடமோ அகலமாக, தட்டையாக இருக்கும். அதை ஒரு சின்ன மூலக்கூறால் பிரிப்பது, சுவரில் ஒட்டிய ஈரத் தாளை நகத்தால் கிளப்புவது மாதிரி.

இது பாதிப் பிரச்சினைதான். ஆய்வுகூடத்தில் எங்களை உண்மையில் வாட்டியது மறுபாதி: இந்த வைரஸை வளர்க்க முடியாது. பொதுவாக வைரஸ் மருந்து தேடும்போது பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் கலங்களை வளர்த்து, வைரஸை விட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு பொருளைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தட்டில் 384 குழி. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான பொருள்களைப் பார்த்துவிடலாம். எச்.பி.வி இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராது. அது தோலிலோ கருப்பைக் கழுத்திலோ உள்ள மேலணியில் (மேற்பரப்பை மூடும் கல அடுக்குகளில்), கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக அடியிலிருக்கும் கல அடுக்குக்கு இறங்குகிறது. அங்கே சில பத்து, சில நூறு பிரதிகளாக அடங்கி இருக்கிறது. அந்தக் கலம் முதிர்ந்து, அடுக்கடுக்காக மேலே ஏறி, உதிரப்போகும் நேரத்தில்தான் வைரஸ் ஆயிரக்கணக்கில் பெருகி, ஓடு கட்டி வெளியேறுகிறது. கலத்தின் ஆயுள் பயணத்தோடு தன் பயணத்தையும் கட்டிவைத்திருக்கிறது. தட்டையாக ஒரே அடுக்கில் வளரும் கலத்துக்கு அந்தப் பயணமே கிடையாது. அதனால் அங்கே புதிய வைரஸும் பிறக்காது.

1990களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கொலாஜன் கூழில் தோலின் அடிக் கலங்களைக் கலந்து ஒரு மெத்தை செய்து, அதன் மேல் மேலணிக் கலங்களை விதைத்து, பிறகு அதைத் தூக்கி, அடியில் ஊட்டத் திரவமும் மேலே காற்றும் படும்படி ஒரு சல்லடையில் வைப்பது. மிதவை வளர்ப்பு என்று சொல்லலாம். காற்றுப் பட்டதும் கலங்கள் தோல் மாதிரியே அடுக்கு அடுக்காக எழும், வைரஸும் தன் முழு வாழ்க்கையை அங்கே நடத்தும். பார்க்கவே அழகான வேலை. ஆனால் ஒரு மிதவை முதிர இரண்டு மூன்று கிழமை ஆகும், கை பழகிய ஆள் வேண்டும், ஒரே ஆள் செய்த இரண்டு மிதவைகளே ஒன்றுபோல் வராது. பத்துப் பொருளைச் சோதிக்கலாம். பத்தாயிரம் பொருளைச் சோதிக்க ஆயுள் போதாது.

அதனால் எல்லோரும் குறுக்குவழி தேடினோம். முழு வைரஸுக்குப் பதிலாக அதன் வாழ்க்கையில் ஒரு துண்டை மட்டும் தட்டில் நடிக்க வைப்பது. செய்திகளில் வரும் '99 சதவீதம்' அநேகமாக இந்தத் துண்டுகளில் ஒன்றைப் பற்றியது. எந்தத் துண்டு என்று செய்தியில் போடுவதே இல்லை.

ஒரு துண்டு, நுழைவு. எச்.பி.வியின் ஓட்டுப் புரதங்களான எல்1, எல்2 இரண்டையும் வைத்து வெற்று ஓடு கட்டி, உள்ளே வைரஸின் மரபணுவுக்குப் பதிலாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை அடைப்பார்கள். இது போலி வைரஸ். கலத்துக்குள் போனால் கலம் ஒளிரும், போகாவிட்டால் இருட்டு. அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் 2004 அளவில் இதை நன்றாகச் செய்து காட்டிய பிறகு உலகம் முழுவதும் பரவியது. 2006இல் அதே முறையில்தான் கராஜீனன் அகப்பட்டது. சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பார்கள், ஐஸ்கிறீமில்கூடக் கெட்டியாவதற்குச் சேர்ப்பார்கள். அது வைரஸின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு கலத்தைத் தொட விடாமல் செய்கிறது, அதுவும் மிக மிகச் சிறிய அளவில். நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அது பதில் சொன்ன கேள்வி எது? 'வைரஸ் உள்ளே வராமல் தடுக்கலாமா?' என்பது. உங்களிடம் வைரஸ் எப்போதோ வந்து உள்ளே இருந்தாயிற்று. திருடன் வீட்டுக்குள் படுத்திருக்கும்போது வாசல் பூட்டு எவ்வளவு பலமானது என்பதால் பயனில்லை. தடுப்பு என்ற அளவிலும் மனிதர்களில் செய்த சோதனைகள் கலவையான முடிவுகளையே தந்தன. பெண்களில் ஓரளவு குறைந்ததாகத் தெரிந்தது, ஆண்களின் ஆசனவாய்த் தொற்றில் பயன் கிடைக்கவில்லை.

இன்னொரு துண்டு, படியெடுப்பு. ஈ1, ஈ2 புரதங்களையும் வைரஸ் படியெடுக்கத் தொடங்கும் டீ.என்.ஏ துண்டையும் ஒரு கலத்துக்குள் செலுத்தி, எவ்வளவு பிரதி உண்டாகிறது என்று ஒளியால் அளப்பது. இந்த வழியில் 2000களின் தொடக்கத்தில் போரிங்கர் இங்கல்ஹைம் மருந்து நிறுவனத்தார், ஈ1உம் ஈ2உம் கைகோர்ப்பதைப் பிரிக்கும் ஒரு மூலக்கூறு வரிசையைக் கண்டுபிடித்தார்கள். முன்னே சொன்ன ஈரத் தாளை நகத்தால் கிளப்பிய கதைதான், செய்து காட்டினார்கள். எனக்கு இன்னும் மரியாதை உள்ள வேலை அது. ஆனால் அந்த மூலக்கூறுகள் பாலுறுப்பு மருக்களை உண்டாக்கும் 6, 11 வகைகளில் வேலை செய்தன, உங்களிடம் இருக்கும் 16இல் செய்யவில்லை. மருந்துக்கடை வரைக்கும் அவை வரவும் இல்லை. எச்.பி.வியில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகையில் கிடைத்த முடிவை இன்னொரு வகைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

மூன்றாவது துண்டைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் உங்கள் அக்கா அனுப்பியது போன்ற செய்திகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. ஹீலா, சிஹா, காஸ்கி என்று மூன்று பிரபலமான கல வரிசைகள் உண்டு. மூன்றும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து எடுத்தவை. ஹீலா 1951இல் ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து அவரைக் கேளாமலே எடுக்கப்பட்டு, இன்றும் உலகெங்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதில் எச்.பி.வி 18இன் துண்டு இருக்கிறது, மற்ற இரண்டிலும் 16. இந்தக் கலங்கள் வளர்க்கச் சுலபம், விலை குறைவு, எங்கள் நாட்டு ஆய்வுகூடங்களிலும் கிடைக்கும். ஒரு மாணவர் மஞ்சள் சாற்றையோ வேப்பிலைச் சாற்றையோ ஹீலா மேல் ஊற்றுகிறார், கலங்கள் சாகின்றன, 'எச்.பி.விக்கு எதிரான செயல்பாடு' என்று தலைப்புப் போட்டாயிற்று. ஆனால் ஹீலாவில் வைரஸ் இல்லை. வைரஸின் மரபணுத் துண்டு மனித டீ.என்.ஏக்குள் தைக்கப்பட்டுக் கிடக்கிறது, அதிலிருந்து ஒரு வைரஸ்கூட வெளியே வராது. அங்கே செத்தது ஒரு புற்றுநோய்க் கலம். அந்தக் கலம் சாக வைரஸ் காரணமே இல்லாமலும் இருக்கலாம். கொஞ்சம் அதிகமாக ஊற்றினால் சவர்க்காரத் தண்ணீரும் அதைக் கொல்லும்.

அதனால் இப்படி ஒரு முடிவைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இரண்டு எண்களை. வைரஸின் வேலையைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு பொருள் வேண்டும், சாதாரண ஆரோக்கியமான கலங்களில் பாதி சாக எவ்வளவு வேண்டும். இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இருந்தால் மேலே பேசலாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது மருந்து இல்லை, நஞ்சு. அப்புறம், தட்டில் வேலை செய்த செறிவு வாயால் குடித்தால் கருப்பைக் கழுத்தின் அடிக் கலம் வரை போய்ச் சேருமா என்பது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் வாயால் எடுத்தால் இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே சேர்கிறது. நம் வீட்டுச் சமையலில் மஞ்சளை நான் குறை சொல்லவில்லை. தட்டில் ஊற்றியதும் வயிற்றில் விழுந்ததும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். படியெடுப்பை அளக்கும் சோதனையில் ஒரு பொருள் ஒளியை ஏறக்குறைய முழுவதும் அணைத்துவிட்டது. கலங்கள் ஆரோக்கியமாக இருந்தன. மூன்று முறை திரும்பச் செய்தோம், மூன்று முறையும் அதே முடிவு. எங்கள் குழுவில் எல்லோருக்கும் தூக்கம் போனது, நல்ல மாதிரியாக. மூன்று மாதம் அதன் பின்னால் ஓடிய பிறகு, ஒரு பிள்ளை எளிமையான ஒரு காரியம் செய்தாள். வைரஸின் பாகம் எதுவுமே இல்லாத, ஒளி தரும் லூசிபரேஸ் நொதியம் மட்டும் உள்ள குழியில் அதே பொருளைப் போட்டாள். அங்கேயும் ஒளி அணைந்தது. அந்தப் பொருள் வைரஸைத் தொடவே இல்லை, எங்கள் விளக்கைத்தான் அணைத்திருக்கிறது. அந்த மூன்று மாதத்துக்கு முன்னால், முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை அது. இத்துறையில் எல்லோரும் இப்படி ஒரு பொருளைச் சந்தித்திருப்பார்கள். அதனால்தான் ஒரு சோதனையில் தேறியதை வேறு விதமான இன்னொரு சோதனையில், பிறகு மிதவை வளர்ப்பில், பிறகு விலங்கில் என்று வடிகட்டுகிறார்கள். எச்.பி.வி மனிதரைத் தவிர வேறெந்த விலங்கையும் தொற்றாததால் கடைசிப் படியும் சிரமம். முயலுக்கு அதற்கென்று ஒரு பப்பிலோமா வைரஸ் உண்டு, 1930களிலிருந்து தெரியும். ஆய்வுகூட எலியில் வளரும் ஒன்று 2011இல்தான் அறிவிக்கப்பட்டது. அவை உறவுக்கார வைரஸ்கள், அதே வைரஸ் அல்ல.

சரி, ஆய்வுகூடத்தைத் தாண்டி மனிதரிடம் வந்தாலும் இன்னொரு பொறி இருக்கிறது. எச்.பி.வி தொற்றில் பத்தில் ஒன்பது இரண்டு வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது அல்லது பரிசோதனையில் தெரியாத அளவுக்குப் போய்விடுகிறது. நம் நோயெதிர்ப்பு அதைச் செய்கிறது. ஆகவே இன்று பொசிட்டிவ் ஆன நூறு பேருக்கு நான் வெறும் சீனித் தண்ணீர் கொடுத்தாலும், கொஞ்சக் காலத்தில் பலர் நெகட்டிவ் ஆகி எனக்கு நன்றி சொல்வார்கள். 'பக்கத்து வீட்டு அக்கா குடித்தார், அவருக்குப் போய்விட்டது' என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. குடிக்காவிட்டாலும் போயிருக்கலாம் என்பதுதான் விஷயம். குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் குலுக்கிப் பிரித்து ஒப்பிடாத எந்த முடிவையும் இந்த வைரஸ் விஷயத்தில் நான் நம்புவதில்லை.

அப்படியானால் ஒன்றும் நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. சிடோபோவிர் என்ற மருந்து வேறொரு வைரஸுக்காக 1996இல் அனுமதி பெற்றது. அதைக் கட்டியில் ஊசியாகவோ பூச்சாகவோ எச்.பி.விக்கும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்குப் பயன் கிடைத்தது, ஆனால் அது வைரஸை அடக்குவதை விட வேகமாகப் பெருகும் கலங்களை அடக்குவதால்தான் என்று நினைக்க நிறையக் காரணம் உண்டு. எச்.ஐ.வி மருந்தான லோப்பினாவிர், மலேரியா மருந்தான ஆர்ட்டிசுனேட் இரண்டையும் கருப்பைக் கழுத்தில் நேராக வைத்துச் சிறிய அளவில் சோதித்திருக்கிறார்கள். இன்னும் நிரூபணம் என்று சொல்லும் கட்டத்துக்கு அவை வரவில்லை. ஈ6, ஈ7 புரதங்களைக் காட்டி நம் நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சைத் தடுப்பூசிகளும் சோதனையில் இருக்கின்றன. எனக்கு நம்பிக்கை தருவது ஈரல் அழற்சி சி (ஹெபடைடிஸ் சி) வைரஸின் கதை. அதையும் வெகுகாலம் வளர்க்க முடியவில்லை. 1999இல் அதன் ஒரு துண்டைக் கலத்துக்குள் தானாகப் படியெடுக்க வைத்தார்கள். 2013இல் சோபோஸ்புவிர் அனுமதி பெற்றது. இன்று அந்த நோயைச் சில கிழமை மாத்திரையால் குணமாக்குகிறார்கள். அந்த வைரஸுக்குச் சொந்தப் படியெடுக்கும் நொதியம் இருந்தது என்ற அனுகூலம் உண்மைதான். ஆனாலும் நல்ல சோதனைமுறை ஒன்று கையில் வந்தால் கதவு எவ்வளவு வேகமாகத் திறக்கும் என்பதற்கு அது சாட்சி.

இனி உங்கள் விஷயம். 'மருந்து கிடையாது' என்று வைத்தியர் சொன்னது வைரஸைப் பற்றி. உங்களுக்குச் சிகிச்சை கிடையாது என்று அவர் சொல்லவில்லை, அந்த வாக்கியம் உங்களை எவ்வளவு பயமுறுத்தியிருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. 16ஆம் வகை, எச்.பி.வி வகைகளில் கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று. 16உம் 18உம் சேர்ந்து உலகில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணம். ஆனால் தொற்றிலிருந்து புற்றுநோய் வரை போக, நோயெதிர்ப்பு நன்றாக உள்ள பெண்ணுக்குப் பொதுவாகப் பதினைந்து இருபது வருடம் எடுக்கும். இடையில் கலங்கள் மாறும் கட்டம் ஒன்று உண்டு. கொல்போஸ்கோப்பியில் அதைத்தான் தேடுகிறார்கள். வினாகிரி போன்ற ஐதான அசற்றிக் அமிலத்தைத் தடவி, உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். மாறிய இடம் வெண்மையாகத் தெரியும். தேவையென்றால் சிறு துண்டு எடுத்துப் பார்த்து, மாற்றம் முற்றியிருந்தால் அந்த இடத்தைச் சுட்டோ வெட்டியோ எடுத்துவிடுவார்கள். வைரஸுக்கு மாத்திரை இல்லாத குறையை இந்த வழிதான் இவ்வளவு காலமும் ஈடுசெய்து வருகிறது, நன்றாகவே ஈடுசெய்கிறது. அந்தச் சாற்றுக்காக இதைத் தள்ளிப்போட்டால் நீங்கள் இழப்பது இந்த இடைக்காலத்தை. சாறு குடிப்பதாகவே இருந்தாலும் வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், திகதியை மாற்ற வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள், அது தொற்று நிலைத்திருக்க உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த முடிவைக் கையில் வாங்கும் பெண்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்வது ஒன்று: யாரிடமிருந்து, எப்போது வந்தது? எந்தப் பரிசோதனையாலும் அதைச் சொல்ல முடியாது. வைரஸ் பல வருடம் தெரியாமல் அடங்கியிருந்துவிட்டுப் பிறகு பரிசோதனையில் தலைகாட்டலாம். இந்த அறிக்கையை வைத்து வீட்டில் யாரையும் சந்தேகிக்க அறிவியலில் இடமில்லை.

மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவளுக்குத்தான் எங்கள் கையில் உறுதியான ஒன்று இருக்கிறது. இலங்கையில் 2017இலிருந்து ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி அரசின் தேசியத் திட்டத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். அதே எல்1 புரதத்தால் கட்டிய வெற்று ஓடுதான் அந்த ஊசியில் இருக்கிறது, உள்ளே மரபணு எதுவும் இல்லை, தொற்றவும் முடியாது. வைரஸ் வருவதற்கு முன் போட்டால்தான் பயன், அதனால்தான் அந்த வயது. உங்களிடம் இப்போது இருக்கும் தொற்றை அது போக்காது. பாடசாலையிலிருந்து சம்மதக் கடிதம் வரும்போது கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அன்று அவள் பாடசாலைக்குப் போகவில்லை என்றால், உங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேளுங்கள்.